காபி மெஷின் வாங்குவதற்கு முன்: கழுவப்போவது யார்?

திங்கட்கிழமை காலை பட்டனைத் தொட்டதும் காபி மணத்தோடு ஒரு புளித்த வாடையும் சேர்ந்து வந்தது. மெஷினின் முன்கதவைத் திறந்து பால் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உட்புறம் மஞ்சளாகப் பிசுபிசுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை யாரும் கழுவவில்லை. விசாரித்துப் பார்த்தால் வியாழக்கிழமையும் கழுவவில்லை. இன்னும் கிண்டினால், மெஷின் வந்து இறங்கிய மூன்று வாரத்தில் அந்தக் குழாயை யாருமே கழற்றியதில்லை. "இப்போது சுத்தம் செய்யவா?" என்று திரை கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்பதைத் தொட்டுவிட்டு, ஆளுக்கொரு கப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். நானும்தான்.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்த மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதால் வாடையில் எனக்கும் பங்கு உண்டு. டெமோவுக்கு வந்தவர் பன்னிரண்டு வகைக் காபி போட்டுக் காட்டினார். நுரை நின்ற அழகைப் பார்த்து மயங்கினோம். விலை கேட்டோம், உத்தரவாதம் கேட்டோம், கப்பின் உயரம்கூடக் கேட்டோம். இதை யார் கழுவுவது என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தில் "எந்த மெஷின் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது அதைத்தான். பதிலைப் பொறுத்துப் பாதி மெஷின்கள் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும்.

சரி, பட்டியலில் என்னென்ன இருக்கின்றன? பொடியை வெந்நீரில் கலந்து தரும் வெண்டிங் மெஷின். மொத்தமாக ஒரு குடுவை நிறைய வடித்துத் தரும் ஃபில்டர் மெஷின். ஒரு கப்புக்கான பொடியை அடைத்த குட்டி டப்பாவை, அதாவது கேப்சூலை, போட்டு அழுத்தும் மெஷின். கொட்டையை அப்போதைக்கப்போது அரைத்து, பட்டனைத் தொட்டால் எல்லாவற்றையும் தானே செய்யும் தானியங்கி மெஷின். கடைசியாக, காபிக் கடைகளில் பார்க்கிற, கைப்பிடி வைத்த எஸ்பிரெசோ மெஷின். இந்த ஐந்துக்கு வெளியே பெரிதாக எதுவும் இல்லை. விளம்பரத்தில் புதிதாகத் தெரிவதெல்லாம் இவற்றில் ஏதோ இரண்டின் கலவையாகத்தான் இருக்கும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. அறுபது பேர் வேலை செய்யும் இடம் என்று வைத்துக்கொள்வோம். காபி குடிப்பவர்கள் 45 பேர், ஆளுக்கு இரண்டு கப், ஆக நாளுக்கு 90 கப். "எங்கள் மெஷின் நாளுக்கு 100 கப் தாங்கும்" என்று விற்பவர் சொன்னதும் கணக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த 90 கப்பும் நாள் முழுக்கப் பரவலாக வராது. காலையில் அரை மணி நேரத்துக்குள் முப்பது பேர் வந்து நிற்பார்கள். பால் காபி ஒன்றுக்குத் தானியங்கி மெஷின் அரைத்து, வடித்து, பாலைச் சூடாக்கி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். கப்பை வைப்பது, வகையைத் தேடுவது, எடுத்துக்கொண்டு நகர்வது என்று இன்னும் கால் நிமிடம். முப்பது பேருக்கு 37 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கடைசியில் நிற்பவர் காபியை வெறுத்துவிடுவார், அல்லது கீழே இறங்கி வெளியே போய்விடுவார். ஆகவே கேட்க வேண்டியது நாள் கணக்கை இல்லை, கூட்டம் நெரியும் அந்த அரை மணி நேரத்தில் எத்தனை கப் வரும் என்பதை.

இந்தக் கணக்கில் பொடி மெஷினுக்கு ஈடே கிடையாது. 10, 15 விநாடியில் கப் நிறைந்துவிடும். உள்ளே டப்பாக்களில் காபிப் பொடி, பால் பொடி, சர்க்கரை. ஒவ்வொன்றும் திருகு வழியாக அளவாகக் கலவைக் கிண்ணத்தில் விழும், வெந்நீர் சேரும், சின்ன விசிறி ஒன்று அடித்து நுரையாக்கும். அவ்வளவுதான். பெரிதாகப் பழுதாக எதுவும் இல்லை. சுவையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, குடித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். மூன்றும் முன்கூட்டியே கலந்த ஒற்றைப் பொடி என்றால் சர்க்கரை வேண்டாதவருக்கு அந்த மெஷினில் எதுவுமே இல்லை, தனித்தனி டப்பா உள்ளதாகப் பாருங்கள். இன்னொன்று, ஆவி மேலேறிப் பொடியில் ஈரம் பட்டால் அது கட்டி தட்டித் திருகில் சிக்கும். கலவைக் கிண்ணத்தைத் தினமும் கழற்றி வெந்நீரில் அலசினால் இந்தத் தொல்லை வராது. ஐந்து நிமிட வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஃபில்டர் மெஷினை இப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். லிட்டருக்கு 60 கிராம் பொடி, 92 முதல் 96 டிகிரிச் சூட்டில் தண்ணீர், ஒரு காகித வடிகட்டி, இவ்வளவுதான் அதன் ரகசியம். இரண்டு லிட்டர் குடுவை ஆறேழு நிமிடத்தில் நிறையும், 150 மில்லி கணக்கில் பதிமூன்று பேருக்குக் காணும். வரிசை என்பதே இல்லை, வந்தோமா, ஊற்றினோமா, போனோமா என்று நகரலாம். கழுவ வேண்டியது குடுவையும் வடிகட்டிக் கூடையும் மட்டும். நல்ல கொட்டையை வாங்கி அன்றன்றைக்கு அரைத்துப் போட்டால், நடுத்தரத் தானியங்கி மெஷினின் கறுப்புக் காபியை இது சாதாரணமாகத் தோற்கடிக்கும்.

இதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: குடுவை காலியானால் அடுத்ததைப் போடுவது யார்? 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் இதே சிக்கல்தான். ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே இருந்த ஒரே ஒரு ஃபில்டர் மெஷினை நம்பிப் பல மாடிகளில் ஆட்கள். படியேறி வந்து பார்த்தால் குடுவை காலி. குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவையை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பிவைத்து, அவரவர் மேசையிலிருந்தே அதைப் பார்க்க வழி செய்தார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. உலகின் முதல் வெப்கேம் என்று சொல்லப்படுவது அதுதான். 2001-இல் அதை நிறுத்தினார்கள். கணினி மேதைகள் கேமரா பொருத்தினார்களே தவிர, காலியாக்கியவரே அடுத்த குடுவையைப் போட வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற அவர்களாலும் முடியவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வாங்குவதானால் சூடான தட்டில் கண்ணாடிக் குடுவை உட்கார்ந்திருக்கும் மாடலை விட்டுவிடுங்கள். அடியில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் காபி கசந்து கருகிய வாடை அடிக்கும். ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் உள்ள எஃகுக் குடுவை என்றால் ஒரு மணி நேரம் தாராளமாகத் தாங்கும்.

கேப்சூல் மெஷின் இதற்கு நேர் எதிர். ஆளுக்கொரு கப், ஆளுக்கொரு சுவை, கை அழுக்காகாது. கழுவுகிற வேலையும் கிட்டத்தட்ட இல்லை. என் முதல் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்குவது இதுதான். பத்துப் பேருக்குக் குறைவான இடம், எப்போதாவது வாடிக்கையாளர் வந்தால் கொடுக்க வேண்டும் என்ற நிலை, அப்படியென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் நம் 90 கப் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 22,500 கேப்சூல். ஒவ்வொன்றிலும் இருப்பது ஐந்தாறு கிராம் காபி. கேப்சூல் பெட்டியின் விலையை அந்தக் கிராமால் வகுத்து ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் பார்த்தால், அடுத்த நிமிடமே பேச்சு வேறு மெஷினுக்குப் போய்விடும். குப்பை தனி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-இல் தன் அலுவலகங்களுக்குக் கேப்சூல் வாங்குவதையே நிறுத்தியது. கியூரிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மெஷினுக்கான கேப்சூலை உருவாக்கிய ஜான் சில்வன், இதைச் செய்தோமே என்று சில சமயம் வருத்தமாக இருக்கிறது என்று 2015-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் வீட்டில் அந்த மெஷின் இல்லையாம். செலவு அதிகம், ஃபில்டர் காபி போடுவது ஒன்றும் கஷ்டமில்லையே என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போது தானியங்கி மெஷின். பெரும்பாலான அலுவலகங்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். வாடை அடித்த கதையும் இதில்தான் நடந்தது என்றாலும் அது மெஷினின் குற்றம் இல்லை. மேலே கொட்டைத் தொட்டி, அதன் கீழே அரைவைச் சக்கரம், பிறகு பொடியை அழுத்தி வெந்நீர் பாய்ச்சும் வடிப்புப் பகுதி, வடித்து முடித்த சக்கை வில்லை வில்லையாக விழ ஒரு பெட்டி. இதில் ஒவ்வொரு பகுதியின் கொள்ளளவும் உங்கள் 90 கப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வீட்டுக்கென்று செய்த மெஷினை விலை மலிவென்று அலுவலகத்தில் வைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அதன் சக்கைப் பெட்டி 15 வில்லைதான் கொள்ளும் என்றால் நாளுக்கு ஆறு முறை கொட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டு லிட்டர் என்றால் ஏழெட்டு முறை நிரப்ப வேண்டும். நிரப்பச் சொல்லி மெஷின் கேட்பது எப்போதும் ஒரே ஆளிடம்தான் என்று யாராவது ஒருவர் புலம்பிக்கொண்டே இருப்பார். போதாக்குறைக்கு, வீட்டு மெஷினை அலுவலகத்தில் வைத்தால் உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது.

கொட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் மினுமினுக்கும் அளவுக்குக் கறுக்க வறுத்த கொட்டை தானியங்கி மெஷினுக்கு ஆகாது. தொட்டியின் சரிவில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது, அரைவையிலும் பிசுக்கு ஏறும். நடுத்தரமாக வறுத்ததே போதும். தொட்டி ஒரு கிலோ கொள்கிறதே என்று நிரப்பிவைக்கவும் வேண்டாம், அன்றைக்கு வேண்டியதைப் போடுங்கள். கப்புக்கு எட்டு கிராம் என்றால் 90 கப்புக்கு 720 கிராம். ஆண்டுக்கு 180 கிலோ. ஐந்தாண்டில் 900 கிலோ. கொட்டேஷனில் மெஷின் விலையைக் குறைக்க நாம் பேசும் பேரத்தில் பாதியையாவது கொட்டை விலையில் காட்டலாம் என்று இந்த எண் சொல்கிறது.

இனி பால். என் கருத்தில் தானியங்கி மெஷினை எடை போட வேண்டியது காபியை வைத்து இல்லை, பாலை வைத்து. மெஷின் மூன்று விதமாகப் பால் தரும்: பக்கத்தில் உள்ள குட்டி ஃபிரிட்ஜிலிருந்து குழாய் வழியாக இழுத்துச் சூடாக்கும், அல்லது டப்பாவில் உள்ள பால் பொடியைக் கரைக்கும், அல்லது பாலே தராது. சுவையில் முதலாவதுதான் ராஜா. 60, 65 டிகிரிக்குச் சூடாக்கிய நல்ல பாலின் இனிப்பு பொடியில் வராது. ஆனால் ஃபிரிட்ஜ் எப்போதும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், மிச்சப் பாலை மாலையில் கொட்ட வேண்டும், குழாயில் தினமும் சுத்திகரிப்புக் கரைசல் ஓட வேண்டும், வாரம் ஒருமுறை இணைப்புகளைக் கழற்றி ஊறவைக்க வேண்டும். பாதாம் பாலோ ஓட்ஸ் பாலோ வேண்டும் என்று யாராவது கேட்டால் அதற்குத் தனிக் குழாய், அதையும் கழுவ வேண்டும். தானாகவே கழுவிக்கொள்ளும் என்று விற்பவர் சொல்வார். ஓரளவு உண்மைதான். ஆனால் சுத்தம் செய்யும் மாத்திரையைப் போடுவதும், கரைசல் பாட்டிலை நிரப்புவதும், "தொடங்கு" என்பதைத் தொடுவதும், பத்து நிமிடம் கூட நிற்பதும் ஆள்தான். அந்த ஆளின் பெயரை இப்போதே சொல்ல முடியவில்லை என்றால் ஃபிரிட்ஜிலிருந்து பால் இழுக்கும் மெஷினை வாங்காதீர்கள். பால் பொடி மாடலுக்குப் போங்கள், அல்லது பாலே இல்லாததற்கு.

கைப்பிடி வைத்த எஸ்பிரெசோ மெஷினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தண்ணீருக்கு 9 பார் அழுத்தம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு), காபி வடிய 25 முதல் 30 விநாடி, அரைவையை அன்றாடம் திருத்தும் கை, பாலை ஆவியில் சுழற்றும் கை. எல்லாம் சரியாக அமைந்தால் மற்ற நான்கும் பக்கத்தில் நிற்க முடியாது. இதற்கென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பீர்கள் என்றால் வாங்குங்கள். "நம்ம டீமில் ரெண்டு பேருக்கு இதில் ஆர்வம் உண்டு" என்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த இருவரும் விடுப்பில் போகும் வாரம் ஒன்று நிச்சயம் வரும்.

மெஷின் எதுவானாலும் மறக்காமல் பார்க்க வேண்டியது தண்ணீர். பழுது பார்க்க வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முதலில் சொல்வது உப்புப் படிவைத்தான். கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள கால்சியம் வெள்ளைப் படிவாகச் சூடேற்றும் கம்பியிலும் குழாய்களிலும் ஒட்டும். கம்பியின்மேல் ஓடு கட்டினால் தண்ணீர் சூடாக நேரமாகும், குறுகிய துளைகள் அடைபடும், ஒருநாள் நின்றுவிடும். மெல்லிய பட்டையைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் எளிய சோதனையிலேயே கடினத்தன்மை தெரிந்துவிடும். அதற்கேற்ற வடிகட்டிக் குப்பியைப் பொருத்தி, அதன் லிட்டர் கணக்கு முடிந்ததும் மாற்ற வேண்டும்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். நாங்களும் ஓரிடத்தில் அப்படித்தான் நினைத்தோம். பல மெஷின்கள் தொட்டியில் தண்ணீர் இருப்பதை, அதன் வழியாகப் பாயும் மெல்லிய மின்சாரத்தை வைத்துத்தான் அறிகின்றன. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது. தொட்டி நிறைந்திருக்கும், மெஷினோ "தண்ணீர் இல்லை" என்று அடம்பிடிக்கும். ஒரு நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் தொட்டியைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம், கடைசியில் ஒருவர் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் கலந்தார், உடனே ஓடியது. சுவைக்கும் கொஞ்சம் உப்பு வேண்டும், லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்திருந்தால் காபிக்கு நல்லது என்பது தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் அளவு.

மின்சாரத்தையும் பார்த்துவிடுங்கள். 3 கிலோவாட் மெஷின் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதே வயரில் மைக்ரோவேவும் கெட்டிலும் இருந்தால் மதிய வேளையில் எல்லாம் சேர்ந்து அணையும். தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். அரைவைச் சத்தம் கூட்ட அறைக்குள் கேட்காத இடமாகவும் பாருங்கள், சுவர் ஓரத்தில் குழாயும் வடிகாலும் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, அல்லது "மெஷின் இலவசம், கொட்டை மட்டும் எங்களிடம் வாங்குங்கள்" என்பதற்குத் தலையாட்டுவதா? இலவசம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பழுது அவர்கள் பாடு, அது பெரிய நிம்மதி. ஆனால் மாதம் குறைந்தது இத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் கொட்டை அலமாரியில் குவியும். சொந்தமாக வாங்கினால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும்: பழுது என்று சொன்ன எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், சரியாகாவிட்டால் மாற்று மெஷின் தருவார்களா? "உடனே வருவோம்" என்பது பதில் இல்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பத்துப் பேருக்குக் கீழே கேப்சூல், அல்லது நல்ல கொட்டையோடு ஒரு ஃபில்டர் மெஷின். முப்பது, நாற்பது பேர் வரை தானியங்கி மெஷின், பால் தனியாக. அதற்கு மேல் போனால் பெரிய மெஷின் ஒன்றைவிட நடுத்தர மெஷின் இரண்டு, ஒன்று படுத்துவிட்டாலும் அன்றைய பொழுது ஓடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் நூறு பேர் ஒரே சமயம் வந்து நிற்கும் இடமென்றால் கௌரவம் பார்க்காமல் பொடி மெஷின்.

வாடை அடித்த அலுவலகத்தில் நாங்கள் கடைசியில் பால் குழாயை நிரந்தரமாகக் கழற்றிவிட்டோம். மெஷின் கறுப்புக் காபியும் வெந்நீரும் மட்டும் தந்தது. ஃபிரிட்ஜில் பால் பாக்கெட், பக்கத்தில் கையளவு நுரைக் குடுவை ஒன்று, வேண்டியவர்கள் சூடாக்கி ஊற்றிக்கொண்டு தாங்களே அலசிவைத்தார்கள். பன்னிரண்டு வகை இப்படிச் சுருங்கியதைப் பற்றி முதல் வாரம் முணுமுணுத்தவர்கள் இரண்டாம் வாரம் மறந்துவிட்டார்கள்.

அடுத்த தடவை டெமோவுக்குப் போனபோது காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்போது இதைக் கழுவிக் காட்டுங்கள்" என்றேன். வந்தவர் சிரித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்கதவைத் திறக்கவே அவருக்கு நான்கு நிமிடம் ஆனது.